விஸ்வேஸ்வரா கணித்ததைத்தான் லைகோ கேட்டதா?

உங்களுக்கு வந்த செய்தி இது: பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விஸ்வேஸ்வரா 1970-லேயே கருந்துளையின் ஓசையைக் கணித்துவிட்டார், 2015-ல் லைகோ (ஈர்ப்பலை எனப்படும், காலவெளியில் பரவும் நெளிவுகளைப் பதிவு செய்யும் அமெரிக்க ஆய்வுக் கருவி) கேட்டது அதைத்தான், நோபல் மட்டும் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. இது உண்மையா, வழக்கமான வாட்ஸ்அப் பெருமையா, யூடியூபில் இருக்கும் ஓசை அதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: அவர் கணக்கிட்டது எதை, அதில் எவ்வளவு லைகோவின் பதிவில் தெரிந்தது, மீதியைச் செய்தது யார். நான் பொதுச் சார்பியல் (ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு) படித்துவிட்டு, அதையே முதுகலை மாணவர்களுக்குப் பல வருடமாக நடத்தி வருபவன். லைகோ குழுவில் இருந்தவன் அல்ல. அவர்களுடைய தரவுப் பகுப்பாய்வைப் பற்றிப் பேசும் இடத்தில், அவர்கள் வெளியிட்ட ஆய்வுத் தாள்களைப் படித்தவன் என்ற அளவில்தான் பேசுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அந்தச் செய்தியோடு வந்த படத்தில் மைசூர்த் தலைப்பாகையோடு இருப்பவர் எம். விஸ்வேஸ்வரய்யா. கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டிய பொறியாளர், 1962-ல் காலமானவர். கருந்துளைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. நாம் பேசும் விஸ்வேஸ்வரா 1938-ல் பெங்களூரில் பிறந்தவர். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மிஸ்னரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். சில ஆண்டுகள் அமெரிக்காவிலேயே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ராமன் ஆய்வு நிறுவனத்திலும் பிறகு இந்திய வானியற்பியல் நிறுவனத்திலும் இருந்தார். பெங்களூரின் ஜவஹர்லால் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். அந்த ஊரில் பள்ளிப் பிள்ளையாக இருந்தவர்கள் பலருக்கு அவரைத் தெரிந்ததே கோளரங்கம் வழியாகத்தான்.

அவர் ஆய்வு மாணவராக இருந்த 1960-களின் நடுப்பகுதியில் கருந்துளை என்பது மரியாதையான பொருளாக இருக்கவில்லை. அந்தப் பெயர் பரவியதே 1967, 68-க்குப் பிறகு. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டுக்குக் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு 1916-ல் வெளியிட்ட தீர்வு எல்லார் கையிலும் இருந்தது. ஒரு நிறையை ஒரு குறிப்பிட்ட ஆரத்துக்குள் அடக்கினால் (சூரியனுக்கு அது சுமார் 3 கிலோமீட்டர்) அங்கிருந்து ஒளிகூட வெளியே வராது என்பது அந்தத் தீர்வில் இருக்கிறது. ஆனால் அந்த ஆரத்தில் சமன்பாட்டில் ஓர் உறுப்பு முடிவிலிக்குப் போகும். அது நாம் தேர்ந்தெடுத்த ஆயங்களின் (இடத்தையும் காலத்தையும் குறிக்கும் எண்களின்) கோளாறா, இயற்கையிலேயே அங்கே ஏதோ உடைகிறதா என்பதில் பல பத்தாண்டுகள் குழப்பம். குழப்பம் ஓரளவு தெளிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைத்தான் மிஸ்னரின் மாணவர் கையில் எடுத்தார்: கருந்துளையை லேசாகக் கலைத்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியின் கனத்தை அந்தச் செய்தியை எழுதியவர் கவனிக்கவே இல்லை. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வு இருப்பது வேறு, அந்தத் தீர்வு இயற்கையில் நிலைத்து நிற்பது வேறு. பக்கத்தில் போகும் ஒரு விண்மீனோ உள்ளே விழும் ஒரு தூசியோ உண்டாக்கும் சிறு கலக்கம் அடங்காமல் வளர்ந்துகொண்டே போகும் என்றால், கருந்துளை காகிதத்தில் மட்டும்தான் இருக்க முடியும். 1957-ல் துல்லியோ ரெஜ்ஜியும் ஜான் வீலரும் இதை ஆராயத் தொடங்கினார்கள். நிகழ்வெல்லையில், அதாவது உள்ளே போனால் திரும்ப முடியாத அந்த எல்லையில், என்ன நிபந்தனை வைப்பது என்பதில் தெளிவு இல்லாமல் அது முடிவுக்கு வரவில்லை. அவர்களுடைய சமன்பாடுகளில் பிழைகளும் இருந்தன. அவற்றை எடெல்ஸ்டீன் என்பவரோடு சேர்ந்து விஸ்வேஸ்வரா பின்னர் திருத்தினார்.

நிபந்தனைச் சிக்கலை அவர் அவிழ்த்த விதம் அழகானது. பழைய ஆயங்கள் நிகழ்வெல்லையில் உடைந்துபோகும். 1960-ல் மார்ட்டின் கிருஸ்கல் வெளியிட்ட ஆயங்கள் அங்கே உடையாது. காலம் போகப் போகப் பல்கிப் பெருகும் ஒரு கலக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருந்துளையிலிருந்து வெகு தொலைவில் அது அடங்கி ஒன்றுமில்லாமல் போக வேண்டும், இல்லாவிட்டால் அதைச் சிறு கலக்கம் என்றே சொல்ல முடியாது. தொலைவில் அடங்கும்படி தீர்வைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதையே கிருஸ்கல் ஆயங்களில் எழுதிப் பார்த்தால், தொடக்கக் கணத்திலேயே நிகழ்வெல்லையில் அது முடிவிலியாக இருக்கிறது. பிறக்கும்போதே முடிவிலியாக இருப்பது சிறு கலக்கம் ஆகாது, ஆகவே அப்படி ஒன்று கிடையாது. வளரும் கலக்கம் இல்லை என்றால் கருந்துளை நிலைத்து நிற்கும். 1970-ல் வெளிவந்த இந்தத் தாள்தான் அவர் செய்ததிலேயே பெரியது என்பது என் கருத்து. அடுத்துச் சொல்லப்போகும் ஓசைத் தாளுக்குக் கிடைத்த பேரில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

அதற்கு முன் 1968-ல் எழுதிய இன்னொரு தாளையும் சொல்லிவிடுகிறேன். சுழலாத கருந்துளையில், ஒளி முடிவின்றிச் சிவந்துபோகும் பரப்பும், உள்ளே போனால் திரும்ப முடியாத பரப்பும் ஒன்றுதான். சுழலும் கருந்துளையில் இவை இரண்டும் பிரிந்துவிடும் என்பதை அதில் பொதுப்படையாகக் காட்டினார். இரண்டு பரப்புக்கும் இடைப்பட்ட வெளிக்குத்தான் பிற்பாடு எர்கோஸ்பியர் என்ற பெயர் வந்தது. சுழலும் கருந்துளையிலிருந்து ஆற்றலை எடுக்கலாம் என்று ரோஜர் பென்ரோஸ் 1969-ல் காட்டிய வழி அந்த இடத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது.

இனி ஓசைக்கு வருவோம். கருந்துளை நிலையானது என்று தெரிந்தாகிவிட்டது. அடுத்து, அதைப் பார்ப்பது எப்படி? ஒளி வராது. ஆனால் அதன் மேல் ஈர்ப்பலையை ஏவினால், சிதறி வருவதில் அதன் அடையாளம் ஏதாவது இருக்க வேண்டுமே? விஸ்வேஸ்வரா எண்முறையில், அதாவது கணினியில் எண்களாகக் கணக்கிட்டு, ஓர் அலைத்துணுக்கை எடுத்து ஷ்வார்ஸ்சைல்டு (சுழலாத) கருந்துளையின் மேல் ஏவிப் பார்த்தார். துணுக்கு அகலமாக இருந்தபோது, போன வடிவிலேயே ஏறக்குறையத் திரும்பி வந்தது. அகலத்தைக் குறைத்துக்கொண்டே போனார். துணுக்கு கருந்துளையின் அளவை நெருங்கியதும், திரும்பி வந்த அலையின் பின்னால் புதிதாக ஏற்ற இறக்கங்கள் தெரிந்தன: ஒரே அதிர்வெண், வேகமாக அடங்கும் வீச்சு. இன்னும் குறுக்கினாலும் அந்தப் பகுதி மாறவில்லை. 1970-ல் நேச்சர் இதழில் வந்தது அந்தச் சிறிய தாள்.

இதை இன்று மடிக்கணினியில் யாரும் செய்யலாம். முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் இதைப் பயிற்சியாகக் கொடுப்பது வழக்கம், பைத்தானில் நூறு வரிக்குள் முடிந்துவிடும். ரெஜ்ஜி–வீலர் சமன்பாடு கடைசியில் ஓர் அலைச் சமன்பாடுதான். நடுவில் ஒரு மேடு இருக்கிறது, அவ்வளவே. மேட்டுக்கு இடப்பக்கம் போகும் அலை கருந்துளைக்குள் போய்விடும், வலப்பக்கம் போவது நம்மிடம் வரும். மாணவர்கள் துணுக்கின் அகலத்தை மாற்றுவார்கள், உயரத்தை மாற்றுவார்கள், ஒருவர் விடாப்பிடியாக முக்கோண வடிவில் ஏவுவார். செங்குத்து அச்சை மடக்கை அளவுக்கு மாற்றி வரைந்தால் எல்லாருக்கும் ஒரே படம்தான் வரும்: சம இடைவெளியில் முகடுகள், அவற்றின் தலைகளைத் தொட்டுக் கோடு போட்டால் ஒரே சாய்வில் இறங்கும் நேர்கோடு. கடைசியில் அந்தக் கோடு வளைந்து மெதுவாகத் தேயும் ஒரு வால் வரும். வால் நிரலின் பிழை என்று நினைத்து இரவெல்லாம் திருத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது பிழை இல்லை, 1972-ல் ரிச்சர்ட் பிரைஸ் விளக்கிய விஷயம்.

முகடுகளின் இடைவெளியும் கோட்டின் சாய்வும் எதை ஏவினோம் என்பதைப் பொறுத்தவை அல்ல. மண்பானையை விரலால் தட்டினாலும் சாவியால் தட்டினாலும், நல்ல பானையின் நாதம் அந்தப் பானையினுடையதுதான். சந்தையில் அதை வைத்துத்தான் விரிசலைக் கண்டுபிடிக்கிறோம். கருந்துளை இதில் இன்னும் எளிமையானது. அதன் நாதத்தைத் தீர்மானிப்பவை நிறையும் சுழற்சியும் மட்டுமே. சுழலாத கருந்துளையின் முதன்மை அதிர்வெண், 12,000 ஹெர்ட்ஸை, அதன் நிறை சூரியனைப் போல எத்தனை மடங்கோ அந்த எண்ணால் வகுத்தால் வரும். பத்துச் சூரிய நிறை என்றால் 1,200 ஹெர்ட்ஸ், நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள்தான். ஆனால் மிகச் சீக்கிரம் அடங்கிவிடும். ஒரு முழு அலைவு முடிவதற்குள் வீச்சு கால்பங்குக்கும் கீழே போய்விடும். தன் அதிர்வை ஈர்ப்பலையாக வெளியேயும் நிகழ்வெல்லைக்குள்ளேயும் இவ்வளவு வேகமாக இறைத்துவிடும் பொருள் வேறு இல்லை.

இப்போது 2015 செப்டம்பர் 14-க்கு வருவோம். சுமார் 36, 29 சூரிய நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி, மோதி, 62 சூரிய நிறையுள்ள ஒரே கருந்துளையாயின. மிச்சம் மூன்று சூரிய நிறை ஈர்ப்பலையாகப் போனது. நாம் மேலே சொன்ன விதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12,000-ஐ 62-ஆல் வகுத்தால் 195 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். பிரபஞ்சம் விரிவதால் வரும் வழியில் அலை நீண்டு, அதிர்வெண் சுமார் 8 விழுக்காடு தாழும். அதைச் சேர்த்தால் 180. ஆனால் லைகோ பதிவின் முடிவில் தெரிந்தது ஏறக்குறைய 250. அவ்வளவு பெரிய வித்தியாசம் ஏன்? மோதலில் பிறந்த கருந்துளை வேகமாகச் சுழன்றது, சாத்தியமான உச்சத்தில் சுமார் 67 விழுக்காடு. அந்தச் சுழற்சி அதிர்வெண்ணை 1.4 மடங்கு உயர்த்தும். 180-ஐ 1.4-ஆல் பெருக்கினால் கணக்கு சரியாகிவிடுகிறது. அடங்கும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு.

விஸ்வேஸ்வராவின் பங்கு எங்கே முடிகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அவர் கண்டது சுழலாத கருந்துளையின் நாதம். சுழலும் கருந்துளையின் தீர்வை 1963-ல் ராய் கெர் கண்டுபிடித்திருந்தாலும், அதன் கலக்கங்களைக் கையாளும் சமன்பாட்டை 1970-களின் தொடக்கத்தில் தந்தவர் சால் டியூகோல்ஸ்கி. இந்த அதிர்வுகள் கருந்துளைக்கே உரியவை என்று தெளிவாக எடுத்துச் சொல்லி, குவாசி-நார்மல் மோடு என்று பெயரிட்டவர் வில்லியம் பிரெஸ், 1971-ல். அவற்றின் எண்களை முறையாகக் கணக்கிட்டது 1975-ல் சுப்ரமணியன் சந்திரசேகரும் ஸ்டீவன் டெட்வெய்லரும். சந்திரசேகர் என்றால் நம்மவர்களுக்கு வெண்குறுமீனின் 1.4 சூரிய நிறை வரம்பு மட்டும்தான் ஞாபகம் வரும். பிற்காலத்தில் பல ஆண்டுகள் அவர் கருந்துளைக் கலக்கங்களிலேயே மூழ்கிக் கிடந்து, 1983-ல் அதன் கணிதத்துக்கு ஒரு பெரிய நூலே எழுதினார். லைகோவின் 2016 தாளில் விஸ்வேஸ்வரா, பிரெஸ், சந்திரசேகர்–டெட்வெய்லர் மூன்று தாள்களும் அடுத்தடுத்து மேற்கோளாக வருகின்றன. எனவே, கருந்துளை தனக்கென ஒரு நாதத்தோடு அதிர்ந்து அடங்கும் என்பதை எண்முறையில் முதலில் காட்டியவர் விஸ்வேஸ்வரா என்று தாராளமாகச் சொல்லலாம். லைகோ கேட்டதை அவர் கணித்தார் என்றால் அது பாதிகூட இல்லை. அந்தப் பதிவின் பெரும்பகுதி, இரண்டு கருந்துளைகள் சுற்றிக்கொண்டே நெருங்கும் கட்டம். அதற்கான கணக்கைப் பல ஆண்டுகள் செய்தவர்களில் ராமன் ஆய்வு நிறுவனத்தின் பாலா ஐயரும் ஒருவர், அந்தச் செய்தியில் அவர் பெயரே இல்லை. மோதும் கணத்தைக் கணினியில் முழுதாகத் தீர்க்க முடிந்தது 2005-ல்தான். ஈர்ப்பலை என்ற கருத்தோ 1916-லேயே ஐன்ஸ்டைன் சொன்னது.

உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. நாதம் கேட்டதால் நிகழ்வெல்லை இருப்பது நிரூபணமாகிவிட்டது என்று எழுதுகிறார்கள், அது அவசரம். நாதம் உருவாவது நான் சொன்ன அந்த மேட்டுப் பகுதியில், அதாவது ஒளியே வட்டமடிக்கக்கூடிய தொலைவை ஒட்டி. நிகழ்வெல்லை அதற்கும் உள்ளே இருக்கிறது. நிகழ்வெல்லை இல்லாத, ஆனால் அதே அளவுக்கு நெருக்கமான ஒரு பொருளும் தொடக்கத்தில் அதே மாதிரி அதிரும், வேறுபாடு தாமதமாக எதிரொலியாகத்தான் தெரியும் என்று விதோர் கார்டோசோவும் உடன் உழைத்தவர்களும் 2016-ல் காட்டினார்கள். அந்த எதிரொலி தரவில் இருக்கிறது என்று அதே ஆண்டு ஒரு குழு சொன்னது, மறு ஆய்வு செய்தவர்களில் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அதை நம்பும் கட்சியில் இல்லை. அதேபோல 2015 பதிவில் முதன்மை நாதத்தோடு ஒரு மேல்சுரமும் (இன்னும் வேகமாக அடங்கும் கூடுதல் அதிர்வும்) இருக்கிறதா என்பதில் 2019 முதல் இரு தரப்பு வாதம் நடந்தது. 2025 ஜனவரி 14-ல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தெளிவாக இன்னொரு மோதல் பதிவான பிறகு, அந்த நிகழ்வில் மேல்சுரம் இருப்பதை லைகோ குழுவினர் காட்டினார்கள். அந்த நாதத்திலிருந்து கடைசிக் கருந்துளையின் நிறையையும் சுழற்சியையும் எடுத்து, பரப்பளவையும் கணக்கிட்டார்கள்: மோதலுக்கு முன் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர், பிறகு சுமார் 4,00,000. கருந்துளைகளின் மொத்தப் பரப்பு குறையாது என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1971-ல் சொன்னதற்கு இவ்வளவு நேரடியான சோதனை அதற்கு முன் நடக்கவில்லை.

நிலைத்தன்மைக் கேள்வியும் 1970-ல் முற்றாக மூடிவிடவில்லை. விஸ்வேஸ்வரா காட்டியது, வளரும் தனித்தனி அலைவு எதுவும் இல்லை என்பதை. அதுவும் சிறிய கலக்கங்களுக்கு மட்டும். எந்தக் கலக்கமும் கடைசியில் அடங்கித்தான் தீரும் என்று கணிதவியலாளர் ஒப்புக்கொள்ளும் நிரூபணம் சுழலாத கருந்துளைக்கே 2016 வாக்கில்தான் வந்தது, அதுவும் நேரியல் அளவில், அதாவது சிறிய கலக்கங்களுக்கான தோராயச் சமன்பாட்டில். ஐன்ஸ்டைன் சமன்பாட்டை முழுதாக எடுத்துக்கொண்டு, மெதுவாகச் சுழலும் கருந்துளைக்கான நிரூபணம் அதற்கும் பிறகு, நூற்றுக்கணக்கான பக்கங்களில். வேகமாகச் சுழல்பவற்றுக்கு இன்னும் வேலை நடக்கிறது. இயற்பியலாளர் யாரும் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை.

நோபல் விஷயம். 2017-ல் பரிசு பெற்ற ரெய்னர் வைஸ், பாரி பாரிஷ், கிப் தோர்ன் மூவரும் அதைப் பெற்றது லைகோ கருவிக்காகவும் அலையைக் கண்டதற்காகவும். நாதத்தைக் கணக்கிட்டதற்கு என்று நோபல் யாருக்கும் போகவில்லை, பிரெஸ்ஸுக்கும் இல்லை, டியூகோல்ஸ்கிக்கும் இல்லை. இந்தக் கணக்கைச் செய்தவர்களில் நோபல் வாங்கிய ஒரே ஆளான சந்திரசேகருக்கும் அது கிடைத்தது விண்மீன் ஆய்வுக்காக. ஆகவே பறித்துக் கொடுத்தார்கள் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. 2016 பிப்ரவரியில் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது விஸ்வேஸ்வரா இருந்தார். மறு வருடம் ஜனவரி 16-ல் காலமானார். மறைந்தவர்களை நோபல் குழு பரிசுக்கு எடுத்துக்கொள்வதில்லை என்பது வேறு.

யூடியூபில் 'ப்ளுப்' என்று ஒலிக்கும் அந்தத் துணுக்கைப் பற்றி: வெற்றிடத்தில் ஒலி வராது, தெரிந்ததே. கருவியின் ஆடிகளுக்கு இடைப்பட்ட தூரம் நீண்டு குறுகியதை அப்படியே ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் வருவது அது. அதிர்வெண் நம் கேட்கும் எல்லைக்குள்ளேயே இருந்தாலும் கீழ்ப்பகுதி தெளிவாகக் கேட்காது. அதனால் பல பதிப்புகளில் சுருதியைக் கூட்டியிருப்பார்கள். 0.2 வினாடி நீளத்தில் நீங்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் சுற்றி நெருங்கும் கட்டம். விஸ்வேஸ்வரா காட்டிய அதிர்வு அதன் கடைசி ஆயிரத்தில் சில பங்கு வினாடிதான். காதால் அதைத் தனியாகப் பிரிக்க முடியாது, லைகோ தாளின் முதல் படத்தில் மோதலுக்குப் பிறகு வீச்சு சட்டென்று சரியும் இடத்தைப் பாருங்கள், அதுதான் அது.